இபனாக் மக்கள் யார்? அவர்களுடைய மொழி அழிந்துவருகிறதா?

பிலிப்பைன்ஸில் துகேகராவ் நகரில் தங்கி மருத்துவம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

லூசோன் தீவின் வடகிழக்கே ககயான், இசபெலா மாகாணங்களில் ககயான் ஆற்றை ஒட்டி வாழ்பவர்கள் இபனாக் மக்கள். அந்த ஆற்றை அவர்கள் பன்னாக் என்பார்கள். இனத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். மொழியைப் பேசுவோர் இன்றும் சில லட்சம் பேர் இருக்கிறார்கள். எனவே 'அழிகிறது' என்பது மிகை. பதவி இழந்துவிட்டது என்பதே சரி.

ஸ்பானியர் காலத்தில் டொமினிக்கன் பாதிரிமார் அந்தப் பள்ளத்தாக்குக்கே பொது மொழியாக வைத்திருந்தது இபனாக்கைத்தான். 1854இல் மணிலாவில் இபனாக்–ஸ்பானிய அகராதி கூட அச்சேறியது. நிலைமையை மாற்றியதில் புகையிலைக்குப் பெரும் பங்கு உண்டு. 1782 முதல் 1882 வரை புகையிலை அரசின் ஏகபோகம். ககயான் குடியானவன் அதைப் பயிரிட்டு, அரசு வைத்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். ஏகபோகம் ஒழிந்த பின் பெருந்தோட்டங்கள் வந்தன. நிலம் ஏராளம், ஆள்தான் இல்லை. மேற்குக் கரையில் நிலம் போதாமல் தவித்த இலோகானோ மக்கள் சாரைசாரையாகக் குடியேறினார்கள். அவர்களுடைய மொழியே சந்தை மொழியாயிற்று.

இதை நான் பார்த்தது ஒரு பான்சித் கடையில். துகேகராவின் 'பான்சித் பாதில் பாதுங்' பெயர் பெற்றது: நூடுல்ஸ், மேலே கொத்திய எருமை இறைச்சி, அதற்கும் மேல் முட்டை, பக்கத்தில் முட்டை கலக்கிய சூப் ஒரு கிண்ணம். கடைக்கார அம்மாள் வாடிக்கையாளரிடம் இலோகானோவில் பேசுவார். அடுப்படியில் நிற்கும் தங்கைக்கு இபனாக்கில் குரல் கொடுப்பார். கல்லாவில் நிற்கும் மகனிடம் தகாலோக் (தேசிய மொழியான ஃபிலிப்பினோவுக்கு அடிப்படை அதுதான்) கலந்துதான் பேச்சு. நாங்களும் நோயாளிகளிடம் பேசுவதற்காக இலோகானோ கற்றுக்கொண்டோம். இபனாக் கற்றுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

காதுக்குத் தனித்துத் தெரியும் மொழி அது. தகாலோகில் நெருப்பு 'அபோய்', இபனாக்கில் 'அஃபி'. பிலிப்பைன்ஸ் மொழிகள் பலவற்றில் ஃப, வ போன்ற ஒலிகள் இயல்பாக வருவதில்லை. இதில் சரளமாகப் புழங்குகின்றன.

அரசு ஆதரவு? 2013இல் தொடக்கப் பள்ளித் தாய்மொழிக் கல்வித் திட்டத்தில் இபனாக்கையும் சேர்த்தார்கள். 2024இல் வந்த சட்டம் அந்தத் திட்டத்தின் கட்டாயத்தையே நீக்கிவிட்டது. இனி பயிற்று மொழி ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும்தான். வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தாய்மொழி என்றால் மட்டும், விரும்பினால் அதில் நடத்தலாம். இபனாக், இலோகானோ, அதே பகுதியின் இன்னொரு இனமான இதாவிஸ் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் துகேகராவில் அப்படி ஒரு வகுப்பை எங்கே போய்த் தேடுவது?