அறிமுகம் செய்து வைப்பவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் படித்து முடித்தவன். இறுதியாண்டில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து தோட்டக்காரரின் போனுக்கு அனுப்பும் கருவி ஒன்றைச் செய்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு கண்காட்சியிலும் வைத்தார்கள். இப்போது தெரிந்த ஒருவர், கம்பனி பதிந்து, ‘உலக பேட்டன்ட்’ எடுத்து, கனடாவில் முதலீட்டாளரையும் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். மூன்று இலட்சம் ரூபாயும் கம்பனியில் 30 சதவீதப் பங்கும் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. காசு போனால் உழைத்துக்கொள்ளலாம். பங்கு போனால் பிள்ளைகள் காலம் முழுக்க அந்த மனிதரின் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டிவரும்.

கணக்கைப் பாருங்கள். கம்பனிக்கு 1000 பங்கு என்று வைப்போம். அவருக்கு 300, மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து 700. பெரும்பான்மை எங்கள் பக்கம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியின் உள்விதியை மாற்றவோ, சொத்தில் பாதிக்கு மேல் விற்கவோ விசேட தீர்மானம் வேண்டும். அதற்கு 75 சதவீத வாக்குத் தேவை. பிள்ளைகள் மூவரும் ஒன்றாகக் கை உயர்த்தினாலும் 70தான். நாளைக்கு உண்மையான முதலீட்டாளர் ஒருவர் வந்து விதியை மாற்றச் சொன்னால், தரகர் “மாட்டேன்” என்று சொன்னாலே போதும், எல்லாம் நின்றுவிடும்.

அவர் விற்கும் சாமான்களையும் பிரித்துப் பார்ப்போம். உலக பேட்டன்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இலங்கையில் எடுத்த ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும், மற்ற நாடுகளில் தனித்தனியாக எடுக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் மென்பொருளுக்குப் பதிப்புரிமை எழுதிய அன்றே வந்துவிடுகிறது. அதைப் பதிவு செய்யும் முறையே இந்த நாட்டில் இல்லை. “கொப்பிறைற் பதிந்து தாறன்” என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். கம்பனிப் பதிவைப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பிள்ளைகள் செய்யலாம். ஒரு கம்பனிச் செயலாளர் வேண்டும், அவருக்குரிய கட்டணம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் இன்னும் ஒரு கருவிகூட விற்காத நிலையில் கம்பனிக்கு என்ன அவசரம்? பதிந்துவிட்டால் வருமானம் இல்லாவிட்டாலும் வருடாந்த அறிக்கை கொடுத்தாக வேண்டும். இப்போதைக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. இந்தக் கருவி யாருடையது? பீடத்தின் ஆய்வுகூடத்தில், விரிவுரையாளரின் வழிகாட்டலில், ஒருவேளை பீடத்தின் காசில் வாங்கிய உணரியை (சென்சரை) வைத்துச் செய்தது. கனடாக்காரர் உண்மையிலேயே இருந்தால், அவருடைய சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொழிற்றுறையோடு இணைக்கும் யூ.பி.எல். அலகு இருக்கிறது. மூன்று பிள்ளைகளும் மேற்பார்வை விரிவுரையாளரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், உரிமை பற்றி எழுத்தில் ஒரு கடிதம் வாங்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். நம் அரச பல்கலைக்கழகங்களில் இப்படி ஒரு கடிதம் மேசை மேசையாக நகர்வதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வரும். செயற்றிட்டத்துக்குப் புள்ளி போடும் அன்றைக்கே, உரிமை யாருக்கு என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் என்ன? பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வந்த பிறகுதான் இந்த அலைச்சல். தரகர்களுக்குப் பிழைப்புக் கிடைப்பதும் இந்த இடைவெளியில்தான்.

கண்காட்சி விஷயத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். உலகத்துக்குக் காட்டிவிட்ட கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கிடைக்காது என்பது பொது விதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் இதில் ஒரு சலுகை தருகிறது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வருடம் எண்ணத் தொடங்குவது முதல் வெளியீட்டிலிருந்து. கண்காட்சிக்கு முன்பே ஆய்வறிக்கை நூலகத்தில் எல்லோரும் வாசிக்கக் கிடைத்திருந்தால், அந்தத் திகதிதான் கணக்கு. முகநூலில் படத்தோடு விளக்கம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். இந்தச் சலுகை ஐரோப்பாவில் செல்லாது; எங்கே காட்டியிருந்தாலும் அங்கே அது காட்டியதுதான், ஆக்கவுரிமை கிடைக்காது. ஆகவே மகனிடம் இன்றைக்கே எல்லாத் திகதிகளையும் எழுதி வாங்குங்கள். வருடம் தாண்டியிருந்தால் பேட்டன்ட் ஆசையை விட்டுவிட்டு விற்பனையைப் பார்க்கட்டும்.

ஆலோசனைக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. யாழ் ஐ.ரி. ஹப் என்ற தகவல் தொழில்நுட்பத் தொண்டமைப்பு நடத்தும் ‘யாழ் கீக் சலஞ்ச்’ என்ற புத்தாக்கப் போட்டி 2012இல் தொடங்கியது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் நம்மவர்கள் வழிகாட்ட வருவார்கள், பங்கு கேட்கமாட்டார்கள். கனடாத் தொடர்பும் அந்த வழியிலேயே கிடைக்கக்கூடும்.

அந்த மூன்று இலட்சத்தைக் கருவிகளில் போடுங்கள். ஆவணி, புரட்டாதியில், மாரி மழைக்கு முன் வலிகாமத்துக் கிணறுகளில் உப்பு ஏறி நிற்கும் நேரத்தில், உரும்பிராயிலும் புன்னாலைக்கட்டுவனிலும் சில தோட்டக்காரரின் கிணறுகளில் இறக்கி வைக்கட்டும். இலவசமாக வேண்டாம், சிறு தொகையாவது வாங்கட்டும். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க முன் அந்தத் தோட்டக்காரர் தினமும் போனைப் பார்க்கிறாரா என்று மகன் குறித்து வைக்கட்டும். முதலீட்டாளருக்குக் காட்ட வேண்டியது அந்தக் குறிப்புத்தான்.