மணப்பெண் அறையில் காலைச் சாப்பாடு: 9 பேருக்கு என்ன, எவ்வளவு, எப்போது?

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணம். விழா காலை 11 மணிக்கு. தங்கை, அம்மா, நானும் தோழிகளுமாக 5 பேர், மேக்கப் போட வரும் இருவர் என 9 பேர் காலை 5.30 மணிக்கே விழா நடக்கும் இடத்தில் ஓர் அறைக்குள் போய்விடுவோம். அறையில் அடுப்பு கிடையாது. ஒரு கெட்டிலும் சின்ன ஃபிரிட்ஜும் மட்டும் உண்டு. மதிய விருந்து வரைக்கும் தாங்கும்படி, உடையும் மேக்கப்பும் கெடாதபடி என்ன கொடுக்கலாம்?

பதில்: என்ன கொடுப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மேக்கப் போடுபவரிடம் யார் எத்தனை மணிக்கு நாற்காலியில் உட்காருகிறார் என்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். மணப்பெண் அறையில் சாப்பாடு வீணாவதற்கும், அதே அறையில் நாலு பேர் பட்டினி கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவைத்துவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் இருப்பவர் எழுந்து வர முடியாது. எழும்போது உதட்டுச் சாயம் போட்டு முடித்திருப்பார்கள், சாப்பிடப் பயப்படுவார். கடைசியாக வருவது மணப்பெண். அவர் வரும்போது தட்டில் மிச்சம் இருப்பது ஆறிப்போன துண்டுகள்தான்.

அதனால் 11 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 10.30க்கு எல்லோரும் தயார். 9.45க்கு உங்கள் தங்கை உடை மாற்ற வேண்டும். உதட்டுச் சாயம் அதற்குச் சற்று முன்பு, 9.35 வாக்கில். ஆக, அவர் நிம்மதியாக வாய் திறந்து சாப்பிடக்கூடிய கடைசி நேரம் 9.30. இதற்குள் மூன்று வேளை: 6 மணிக்கு நல்ல சாப்பாடு, 8.15க்குக் கைக்கடக்கமாகக் கொஞ்சம், 9.20க்கு இரண்டு வாய். கொழுப்பு குறைவான சின்ன சாப்பாடு சீக்கிரம் இறங்கிவிடும். பொரித்ததும் நெய் வழிவதும் வயிற்றில் மணிக்கணக்கில் தங்கும். இடுப்பை இறுக்கும் உடையைப் போட்ட பிறகுதான் அதன் கனம் தெரியும்.

6 மணிக்கு ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், இரண்டு சாண்ட்விச் துண்டு, காபியோ டீயோ. 8.15க்கு மூன்று சாண்ட்விச் துண்டும் ஒரு கைப்பிடி திராட்சையும். 9.20க்கு நாலைந்து பாதாம், ஒரு பேரீச்சை, வாய் கொப்பளிக்கத் தண்ணீர். இது எளிய பட்டியல்தான், எளிமையாகவே இருக்கட்டும். வகை கூடக்கூட டப்பாக்கள் கூடும், அவற்றைத் தேடும் ஆள் கூடும். அன்று காலையில் உங்களிடம் இல்லாதது அந்த ஆள்தான்.

கணக்கு இது. சாண்ட்விச் 12 போதும். ஓரத்தை வெட்டி நீக்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் 4 விரல் துண்டுகளாக நறுக்கினால் 48 வரும். ஆளுக்கு 5 வீதம் 45 போக 3 மிச்சம். இதற்கு ரொட்டித் துண்டு 24, வெண்ணெய் 120 கிராம் (துண்டுக்கு ஒரு டீஸ்பூன்), சீஸ் 12, நடுத்தர வெள்ளரிக்காய் 1. முட்டை 10, வாழைப்பழம் 10. திராட்சை 750 கிராம். பாதாம் 100 கிராம், பேரீச்சை 12. தண்ணீர் 500 மில்லி பாட்டில் 18. பாட்டில் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் புதிது புதிதாகத் திறந்து, பாதி குடித்த பாட்டில்கள் அறை முழுக்க நிற்கும்.

சாண்ட்விச்சை முதல்நாள் இரவே செய்துவிடலாம், நசநசக்காமல் இருந்தால். நசநசப்புக்குக் காரணம் வெள்ளரிக்காயின் நீர். விதைப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். தட்டில் நீர் தேங்கும். அதை வடித்து, வட்டங்களைச் சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். வெண்ணெயை இரண்டு ரொட்டியிலும் விளிம்பு வரை தடவ வேண்டும். நடுவில் மட்டும் தடவினால் ஓரம் ஊறிவிடும். நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது அந்தக் கொழுப்புப் படலம்தான். வெள்ளரியை 6 சாண்ட்விச்சில் மட்டும் வையுங்கள், மற்றவை வெறும் சீஸ். விரல் துண்டு 2 செ.மீ. அகலத்துக்குச் சற்று மேல் வரும். உதடு படாமல் பல்லால் கடித்து எடுக்க அந்த அளவுதான் சரி. ஃபிரிட்ஜில் ரொட்டி காய்ந்து விறைக்கும் என்பதால், நறுக்கிய துண்டுகளை டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மேலே லேசாக ஈரம் செய்த டிஷ்யூ ஒன்றைப் போட்டு இறுக மூடுங்கள்.

முட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. மூடிய அறையில் முட்டை நாற்றம் என்று ஒதுக்குகிறார்கள். பெரும்பாலும் குற்றம் முட்டையுடையதல்ல, அடுப்பினுடையது. அதிக நேரம் கொதித்தால் வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கூடுதலாக வெளிவரும்; அது மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து பச்சை வளையமும் போடும். கொதிக்கும் தண்ணீரில் இறக்கி 10 முதல் 12 நிமிடம் போதும். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, ஓட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கிளம்பும் முன் வீட்டிலேயே உரித்து மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். முட்டை 6 மணிப் பந்தியோடு முடியட்டும். 8 மணிக்கு மேல் அறையில் அது வேண்டாம்.

அறையிலுள்ள சின்ன ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். குளிர்ந்ததைக் குளிர்ச்சியாக வைக்குமே தவிர, வெதுவெதுப்பாக உள்ளே போனதை ஒரு மணி நேரத்தில் குளிரவைக்காது. எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்கக் குளிர்ந்து, ஐஸ் பெட்டியில் கிளம்பட்டும். 18 பாட்டிலில் 4-ஐ முதல்நாளே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவையே ஐஸ் கட்டிக்குப் பதிலாகும், உருகினால் குடிக்கவும் ஆகும். (உறையும்போது நீர் விரியும், பாட்டிலில் இரண்டு விரற்கடை காலியாக விடுங்கள்.) கெட்டுப்போகக்கூடிய உணவில் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். இந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் தூக்கிப் போட வேண்டும். அறை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கெடு. ஆகவே 8.15க்கான டப்பாவை 6 மணிக்கே திறந்து வைக்காதீர்கள்.

இனி கெட்டில். அதை அறையில் போடவே வேண்டாம் என்பது எங்கள் யோசனை. ஒரு கெட்டில் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். முடி உலர்த்தும் டிரையரும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஃபியூஸ் போய், பாதித் தலையோடு ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்தே 1 லிட்டர் பிளாஸ்க் இரண்டு கொண்டு போங்கள். 150 மில்லி வீதம் 13 கப் வரும். பால் கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

தினமும் காபி குடிக்கும் மணப்பெண்ணுக்கு, வயிறு கெடும் என்று பயந்து அன்றைக்கு மட்டும் நிறுத்துவது தப்பு. கடைசிக் கப்புக்குப் பிறகு 12 மணி நேரம் கடந்தால் பழகிய உடம்புக்குத் தலைவலி தொடங்கலாம். வழக்கமான நேரத்தில், வழக்கமான ஒரு கப், ஏதாவது சாப்பிட்ட பிறகு. இரண்டாவது கப் வேண்டாம். கை நடுக்கமும் படபடப்பும் கூடும்.

அதேபோல, கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பவர்கள்தான் விழா நடுவில் கண் இருட்டி உட்காருகிறார்கள். காலி வயிறு, குறைந்த தண்ணீர், கனத்த உடை, நீண்ட நேரம் அசையாமல் நிற்பது ஆகிய நாலும் சேர்ந்தால் மயக்கம் வர வேறெதுவும் தேவையில்லை. 9 மணி வரை தாராளமாகக் குடிக்கட்டும். 9.30க்கு, உடை மாற்றும் முன், கழிவறைக்குப் போய்விட்டு வரட்டும். பிறகு மிடறு மிடறாக, ஸ்ட்ரா வைத்து. காகித ஸ்ட்ரா ஊறி உதட்டில் ஒட்டும். சிலிகான் ஸ்ட்ரா நல்லது. வேகமாக உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து போய் ஏப்பம் வரும். சோடா வகை எதுவுமே வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை இன்னும் சில. பயறு, முட்டைக்கோஸ் வாயு தரும். பச்சை வெங்காயமும் பூண்டும் வாயில் தங்கும். பீட்ரூட், மாதுளை, தக்காளிச் சாஸ், மஞ்சள் போட்ட எதுவும் கறைபடும். பொரபொரவென்று உதிரும் பிஸ்கட்டின் தூள் உதட்டுப் பளபளப்பில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்டால் உதட்டுச் சாயம் கரையும். பாதாமை எண்ணெயில்லாமல் வறுத்ததாக வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பட்டுத் துணியில் ஏதாவது சிந்தினால் தேய்க்கவோ தண்ணீர் வைக்கவோ கூடாது. தண்ணீரே பட்டில் தடம் விடும். உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறை என்றால் மேலே முகப் பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் விட்டுத் தட்டிவிடுங்கள்.

சாப்பாட்டு மேசை மேக்கப் மேசையிலிருந்து தள்ளி, மூடியோடு இருக்கட்டும். முடிக்கு அடிக்கும் ஸ்பிரே மெல்லிய மழையாக எங்கும் இறங்கும். திறந்த தட்டில் திராட்சை பளபளவென்று தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். நகப்பூச்சு காயும் நேரத்தில் கையால் எடுக்க முடியாது, ஒரு சின்ன முள்கரண்டி உதவும்.

பத்து நாள் முன்பே 9 பேரிடமும் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: எது ஒவ்வாது, எது சாப்பிடுவதில்லை, சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மருந்து உண்டா. கொட்டை ஒவ்வாமை ஒருவருக்கு இருந்தாலும் பாதாமை அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருந்தால் அவருடைய நேரம்தான் முதல் நேரம். திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்க 150 மில்லி பழச்சாறு ஒன்று தனியே இருக்கட்டும்.

பொறுப்பாள் ஒருவர் வேண்டும். அது நீங்கள் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். இருவருமே நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள். முதலில் மேக்கப் முடியும் தோழியிடம் கொடுங்கள். அவர் போனில் 6, 8.15, 9.20 என மூன்று அலாரம். உட்கார்ந்திருப்பவரிடம் தட்டைக் கொண்டுபோய் நீட்டுவது அவர் வேலை. மேக்கப் போடும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

மிஞ்சும் 3 சாண்ட்விச் துண்டுகளும் வெளியில் இருந்த நேரத்தைக் கணக்கிட்டால் மதியத்துக்கு ஆகாது. விழா முடிந்ததும் போட்டோவில் மாட்டிக்கொள்ளும் தம்பதிக்கென்று, மேலே சொன்ன கணக்கில் சேராமல், கெடாத பொருளாகத் தனியே இரண்டு டப்பா கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சை, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஈர டிஷ்யூ. ஒவ்வாமைச் சிக்கல் இல்லையென்றால் கொஞ்சம் பாதாமும். அது தோழியின் கைப்பையில் இருக்க வேண்டும், அறையில் அல்ல. அறைச் சாவி அந்த நேரத்தில் யாரிடம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.