உங்கள் அசட்டுத்தனம் ஏதாவது பின்னாளில் கைகொடுத்ததுண்டா?

உண்டு. ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தேன்: 15ஆம் தேதி, 00:15 மணி. 15ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கே பெட்டியும் புளியோதரைப் பொட்டலமுமாக ஸ்டேஷனில் ஆஜர். வண்டி வந்ததும் என் பெர்த்தில் படுத்திருந்தவரை எழுப்பிச் சண்டை வேறு போட்டேன். டிக்கெட் பரிசோதகர் பார்த்துவிட்டு, "சார், உங்க வண்டி நேத்தே போயிடுச்சு" என்றார். ரயில்வே கணக்கில் நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். 14ஆம் தேதி ராத்திரியே நான் போயிருக்க வேண்டும். நான் எழுப்பிய மனிதர் அப்புறம் விடியும்வரை தூங்கினாரோ என்னவோ!

சில வருடம் கழித்து அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, மதியம் 3 மணிக்கு. சீட்டில் "12 மணிக்கு மேல் உணவு கூடாது" என்று மட்டும் இருந்தது. காலையில் கொடுக்கலாம் என்று அக்கா இட்லி கட்டிவிட்டாள். எனக்கு அந்த 00:15 ஞாபகம் வந்தது. "எந்த 12?" என்று நர்ஸிடம் கேட்டேன். நள்ளிரவாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும், ஆபத்து என்று விளக்கினார்.

மற்றபடி, எல்லாக் கஷ்டமும் பாடம் சொல்லும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்பாவின் நோய் எங்களுக்குத் தந்தது வெறும் களைப்புதான். அந்த இட்லியை மறுநாள் நானும் அக்காவும் வராண்டாவில் நின்றபடி சாப்பிட்டோம். சட்னி கொஞ்சம் புளித்திருந்தது.