ஏப்ரல் வெயிலை நம்பலாமோ? அலொட்மென்ற் கேள்வி பதில்

லண்டனிலும் சுத்துவட்டாரத்திலும் அலொட்மென்ற், அதாவது வாடகைத் தோட்டத்துண்டு, வைச்சிருக்கிற ஆக்கள் இந்தக் கிழமை கேட்டதுகளுக்கு என்ர பதில்கள்.

நாலு நாளா 20 பாகை அடிக்குது. மிளகாய், கத்தரிக் கன்றுகளை வெளியில நடலாமோ அண்ணா?

நடாதேங்கோ. பகல் வெயிலை விட்டிட்டு இரவுக் குளிரைப் பாருங்கோ. இரவில 10 பாகைக்குக் கீழ போனால் ரெண்டும் வளராமல் அப்படியே நிண்டிடும். இன்னொண்டு, வானிலை நிலையங்களில வெப்பநிலையை நிலத்தில இருந்து 1.25 மீற்றர் உயரத்திலதான் அளக்கிறது. முகிலும் காத்தும் இல்லாத இரவில நிலத்தை ஒட்டி அதைவிட நாலு பாகை குறையலாம். போனில 3 எண்டு காட்டும், விடியப் போய்ப் பார்த்தால் கன்று அவிச்ச கீரை மாதிரித் துவண்டு கிடக்கும். தென் இங்கிலாந்திலயே மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனி வரும். மே தொடங்கப் பகலில வெளியில, இரவில உள்ள எண்டு பத்து நாள் பழக்கிப்போட்டு, மாதக் கடைசியில நடுங்கோ.

பெரிய வெள்ளியிலதான் உருளைக்கிழங்கு நடவேணும் எண்டு பக்கத்துத் துண்டுக்காரர் சொல்லுறார்.

இது இந்த நாட்டின்ர பழைய வழக்கம். ஆனால் பெரிய வெள்ளி மார்ச் 20இலயும் வரும், ஏப்ரல் 23இலயும் வரும். மண்ணைத் தொட்டுப் பாருங்கோ: ஈரம் வடிஞ்சு, உதிர்ந்து, குளிர் விட்டிருந்தால் நடலாம். 12 சென்ரிமீற்றர் ஆழம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு அடி. முளை வெளியில வந்தாப் பிறகு உறைபனி எண்டு சொன்னால் மண்ணை இழுத்து மூடுங்கோ. நுனி கருகினாலும் கீழ இருந்து திரும்ப முளைக்கும், பயப்பிடாதேங்கோ.

குதிரை லாயத்தில எரு சும்மா தருகினம். கத்தரிக்குப் போடட்டோ?

எத்தினை தரம் கேட்டாலும் இதுக்கு மட்டும் நீட்டித்தான் பதில் சொல்லுவன். புல்வெளியில அகன்ற இலைக் களையைக் கொல்ல அமினோபைரலிட் எண்ட மருந்து அடிக்கிறவை. குதிரை அந்தப் புல்லைத் திண்டாலும், சாணி மாதக்கணக்கில குவிஞ்சு மக்கினாலும், மருந்து சாகாது. தக்காளி, உருளைக்கிழங்கு, அவரை எல்லாத்திலயும் குருத்து சுருண்டு இலை கிண்ணமாக் குவியும். லாயக்காரருக்கே குதிரைக்குப் போட்ட காய்ஞ்ச புல் எங்க இருந்து வந்தது எண்டு தெரியாமல் இருக்கலாம். அதால சோதிச்சுப் பாருங்கோ: ரெண்டு சட்டியில எருவையும் கடைக் கொம்போஸ்றையும் சரிபாதி கலந்து, இன்னும் ரெண்டில கொம்போஸ்ற் மட்டும் போட்டு, நாலிலயும் அவரை விதை ஊண்டுங்கோ. நாலு கிழமையில எருச் சட்டி இலை நேரா விரிஞ்சிருந்தால் அள்ளிக்கொண்டு வாங்கோ.

வெண்டி?

பொலிரனல் (பிளாஸ்ரிக் விரிப்பால மூடின கூடாரம்) இருந்தால் மட்டும்.

தக்காளி இப்ப வெளியில வைக்கலாமோ?

முதல் பதிலைப் பாருங்கோ.

யாழ்ப்பாணத்தில கொத்திப் புரட்டாமல் ஒரு பாத்தி கட்டினதில்லை. இங்க கொத்தாதே எண்டு சொல்லுறது சோம்பேறி வேலை.

இப்பிடி ஒரு ஐயா எழுத, இதுக்குள்ள ஒரு தங்கச்சி வந்து, தான் மூண்டு வருசமாக் கொத்தாமல் காட்போட்டுக்கு மேல கூட்டெரு போட்டுப் பூசணி எடுக்கிறன் எண்டு எழுத, ஐயா நம்பேல்லை எண்டு எழுத, ஒரு நாள் முழுக்க இதுவே ஓடிச்சு. ஐயா, வலிகாமத்துச் செம்மண் தண்ணி வடியிற மண். அதைக் கொத்தலாம், அடுத்த நாளும் பொலபொலவெண்டு இருக்கும். லண்டன் களிமண்ணை ஏப்ரல் ஈரத்தில கொத்தினால் காத்துப் போற துவாரம் எல்லாம் அடைபட்டு, வெயில் வரக் கட்டியா இறுகி, மண்வெட்டி இறங்காது. சோமர்செற்றில சாள்ஸ் டவ்டிங் எண்டவர் கொத்தின பாத்தியையும் கொத்தாத பாத்தியையும் அருகருகே வைச்சு வருசக்கணக்கா விளைச்சலை நிறுத்துப் பார்க்கிறார், கொத்தாதது பின்னுக்குப் போகேல்லை. நான் தங்கச்சி பக்கம். ஆனால் தங்கச்சி, புதுத் துண்டில வேலிப்பூண்டு (bindweed எண்ட படர்களை) வேர் இருந்தால் காட்போட் ஒரு வருசத்தில அடக்காது. அதைத் தோட்ட முள்ளுக்கரண்டியால கிளறி எடுக்கச் சொல்லுறதில ஐயா சரி.

பயித்தங்காய் எப்ப வெளியில நடலாம்?

முதல் பதில். வெளியில காய்க்கிறது கஷ்டம், ரன்னர் பீன்ஸ் போடுங்கோ.

துண்டுக்கு எங்க பதியிறது?

உங்கட கவுன்சிலில.

நத்தை முழுக்கத் திண்டு முடிக்குது. நத்தைக்குப் போடுற பழைய நீலக் குளிசை வீட்டில கிடக்கு.

அது மெற்றல்டிஹைட் எண்டால் போடாதேங்கோ. பறவைக்கும் முள்ளெலிக்கும் நஞ்சு எண்டு 2022 மார்ச் கடைசியோட வெளியில பாவிக்கத் தடை. குப்பையிலயும் எறியாமல் கவுன்சிலின்ர கழிவு இடத்தில குடுங்கோ. இப்ப கடையில இருக்கிறது பெரிக் பொஸ்பேற் குளிசை, அதைக் கொஞ்சமாத் தூவலாம். அதைவிட, பொழுதுபட்டாப் பிறகு ரோச்சோட போய்க் கையால பொறுக்குங்கோ, மழை விட்ட இரவில கட்டாயம். கன்றையும் ஒரு சாண் வளரவிட்டு நடுங்கோ.

அண்ணா, இந்தச் சனி 22 பாகையாம், கத்தரியை...

இல்லை, தம்பி. சனி இரவு எத்தினை பாகை எண்டு பாத்திட்டு வாங்கோ.