எட்டுப் பேரின் எடை

கேள்வி: நாங்கள் பெர்லினில் வேலை பார்க்கும் எட்டு நண்பர்கள். இரண்டு வேன்களை வாடகைக்கு எடுத்து, குடிநீர், குளிர்கால உடைகள், தெரிந்தவர்களிடம் சேகரித்த மருந்துகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, உக்ரைனில் கார்கிவ் வரை போய் மக்கள் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டு வரப்போகிறோம். 'பணமாக அனுப்பினால் போதாதா?' என்கிறார்கள் சிலர். நேரில் போவதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், பெர்லின்

பதில்: தவறு ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஆள் கணக்கு இருக்கிறது, வண்டிக் கணக்கு இருக்கிறது, வாங்கிக்கொள்ளப்போவது யார் என்பது மட்டும் இல்லை. 'மக்கள்' என்பது விலாசம் ஆகாது.

2023 டிசம்பரிலிருந்து நிவாரணச் சரக்குக்கு உக்ரைன் மின்னணுப் பதிவு முறையை வைத்திருக்கிறது. அங்கே பெறுநராகப் பதிவுபெற்ற ஓர் அமைப்பு உங்கள் சரக்குக்கான அறிவிப்பை நிரப்பி, அதன் குறியீட்டை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அது இல்லாமல் போலந்து-உக்ரைன் எல்லையில் உள்ள கோர்ச்சோவா சாவடிக்குப் போனால், சுங்கத்துறையைப் பொறுத்தவரை நீங்கள் கொண்டுவந்திருப்பது நிவாரணம் அல்ல, வெறும் சரக்கு. காகிதத்தில் உள்ள பெட்டி எண்ணிக்கையும் எடையும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகவும் வேண்டும். புறப்படும் காலையில் யாராவது பாசத்தோடு கொண்டுவந்து திணிக்கும் இரண்டு மூட்டைகள்தான் வண்டியை ஓரங்கட்ட வைக்கும்.

அடுத்தது வாடகை வேன். வாடகை நிறுவனங்கள் பொதுவாக உக்ரைனுக்குள் வண்டியை விடுவதில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். சொந்த வண்டி என்றாலும் காப்பீடு வெளிநாட்டிலும் செல்லும் என்று காட்டும் கிரீன் கார்டில், உக்ரைனைக் குறிக்கும் 'யூஏ' என்ற எழுத்துகள் கோடு போட்டு அடிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கான பயணக் காப்பீடு பெரும்பாலும் போர்ச் சேதத்தைக் கணக்கில் எடுக்காது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு உக்ரைன் விசா தனியாக வேண்டும். ஜெர்மனியின் இருப்பிட அட்டை அங்கே செல்லாது.

இப்போது எடைக்கு வருவோம். ஜெர்மனியில் சாதாரண பி லைசென்ஸுக்கு வண்டியின் மொத்த எடை 3.5 டன்தான் உச்சவரம்பு. ஆட்களும் உட்காரும்படி இருக்கை வைத்த வேனில், வண்டியின் சொந்த எடை போக ஏற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு டன். இரண்டு வேனுக்கு இரண்டு டன். எட்டுப் பேரும் அவரவர் பையும் சேர்ந்தால் 700 கிலோ. அதாவது, நீங்கள் கொண்டுபோகும் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு நீங்களே!

மிச்சமுள்ள 1,300 கிலோவையும் தண்ணீரால் நிரப்பினால் 1,300 லிட்டர். நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோலின்படி குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். 86 பேருக்கு ஒரே ஒரு நாள் வரும். அதுவும் ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பாட்டில் வெடித்து, அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிகளை நனைத்துவிடும். கார்கிவ் கடைகளில் தண்ணீர் கிடைக்கிறது, ஐயா.

பழைய துணியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த துணிமூட்டைகளைப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மருந்துதான் ஆபத்தானது. 1992 முதல் 1996 நடுப்பகுதி வரை போஸ்னியாவுக்கு வந்து குவிந்த நன்கொடை மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படாதவை என்று மதிப்பிட்டார்கள். அவற்றை அழிப்பதே தனிச் செலவு. உலக சுகாதார நிறுவனத்தின் விதி தெளிவானது: பெறுபவர் கேட்காத மருந்து வேண்டாம், ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சியது வேண்டாம், போய்ச் சேரும்போது பொதுவாக ஓராண்டாவது காலாவதித் தேதி மிச்சமிருக்க வேண்டும். அலமாரியில் கிடந்த அட்டைகளில் டிரமடால் என்ற வலி மருந்தோ டயாசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தோ ஒன்று இருந்தால் போதும், எல்லையில் அது போதைப்பொருள் வழக்காகிவிடலாம்.

மருத்துவமனையே இன்சுலின் கேட்டு, முறைப்படி மொத்த விற்பனையாளரிடம் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 முதல் 8 டிகிரிக்குள் போக வேண்டும். வெயிலைவிட ஐஸ்தான் இங்கே பெரிய எதிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைத்தால், ஒட்டியிருக்கும் குப்பி உறையும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் கெட்டதுதான். பேக்கை வெளியே வைத்திருந்து, காதருகே குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்குங்கள். குப்பிக்கும் பேக்குக்கும் நடுவே ஓர் அட்டைத் தடுப்பு இருக்கட்டும்.

'கையில் நேரடியாக' என்கிறீர்கள். 2022 மார்ச் 16 அன்று செர்னிஹிவ் நகரில் ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்கள் தாக்குதலில் இறந்தார்கள். கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சைரன் ஒலிப்பதற்கு முன்பே குண்டு விழுவது அங்கே உண்டு. தெருவில் வேன் கதவைத் திறந்து நீங்கள் கூட்டும் வரிசையில் நிற்கப்போவது நீங்கள் அல்ல, அவர்கள்.

பணம் அனுப்பச் சொல்பவர்கள் பாதி சரி. ஆனால் உக்ரைனுக்குள் கிடைக்காத, அல்லது விலை ஏறிப்போன பொருளைப் பெறுநரே கேட்டால் வண்டிக்கு அர்த்தம் உண்டு. ஓடும் நிலையில் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கி, கேட்ட சரக்கை ஏற்றி, அறிவிப்பில் வேனையும் சேர்த்து, அங்கேயே கொடுத்துவிட்டு போலந்து எல்லை நகரமான பிஷெமிஷல் வழியாக ரயிலில் திரும்பலாம். பெர்லினிலிருந்து மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரம் ஏறக்குறைய 950 கிலோமீட்டர். அங்கே சரக்கை ஒப்படைத்தால் போதும். கார்கிவ் அதற்கப்பால் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர். அந்தச் சாலையையும் இரவு ஊரடங்கையும் அறிந்தவர்கள் கொண்டுபோகட்டும். ஜெனரேட்டர் கேட்டால் பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு ஏற்றுங்கள். குளிருக்கு ஏற்ற எஞ்சின் ஆயிலைத் தனியாக வையுங்கள். புது ஜெனரேட்டர்கள் பொதுவாக ஆயில் இல்லாமல்தான் வரும், அது தெரியாமல் முதல் நாளே ஓட்டி எஞ்சினை இறுகிப்போக வைத்தவர்கள் ஏராளம்.

இதற்கு இருவர் போதும், மாறி மாறி ஓட்ட. மற்ற ஆறு பேருக்குப் பெர்லினிலேயே வேலை இருக்கிறது: பெட்டி ஒன்று 15 கிலோவைத் தாண்டாமல் கட்டுவது, இரண்டு பக்கமும் எண் எழுதுவது, உள்ளே என்ன, எத்தனை, எத்தனை கிலோ என்பதை உக்ரைன் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டுவது.