2004 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் டர்போவின் ரேடியேட்டர் பழசாகிவிட்டது, ஆனால் இன்னும் ஒழுகவில்லை. இப்போதே மாற்ற வேண்டுமா? நானே மாற்றலாமா?

மாற்றிவிடுங்கள். தாராளமாக நீங்களே செய்யலாம். என்னிடமும் இதே தலைமுறைக் கார்தான். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது சுலபம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றிக் காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை வேண்டும்.

முதலில் பானட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பாருங்கள். நடுவில் அலுமினியம், மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டுக்கும் இடையில் ரப்பர் வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்படித்துப் போயிருந்தாலோ, மடிப்பு ஓரத்தில் கூலன்ட் காய்ந்த பொருக்கு தெரிந்தாலோ அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. கீழே தரை காய்ந்திருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மயிரிழை வெடிப்பு, இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். இன்ஜினின் உடல்பகுதியான பிளாக், அதை மூடும் ஹெட் இரண்டுமே அலுமினியம் என்பதால் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் இரண்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அப்புறம் இன்ஜினையே வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

எதை வாங்குவது? ட்ராக்கில் ஓட்டுபவர் என்றால் தடித்த முழு அலுமினிய ரேடியேட்டர் நல்லது. ஆபீஸுக்கும் கடைக்கும் போகிற காருக்குத் தரமான ஒரிஜினல் வகையே போதும். சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் வெப்பத்தை, சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்தான் நிர்ணயிக்கிறது, பெரிய ரேடியேட்டர் போட்டதால் அது குறையாது. கூடவே ஹோஸ் (ரப்பர் குழாய்), தெர்மோஸ்டாட், மூடிகளையும் மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட் மட்டும் சுபாரு ஒரிஜினலாகவே இருக்கட்டும். வெளிக்கடைகளில் கிடைப்பவை பல அளவில் சிறியவை.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரை எடுத்துவிட்டு, அடியில் உள்ள திருகைத் திறந்து கூலன்டை வடியுங்கள். இரண்டு ஃபேன் கனெக்டர்கள், ஹோஸ்கள், மேலே இரண்டு பிராக்கெட்டுகள், அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ஆயில் குழாய்களும் உண்டு. ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ், கத்தியால் நீளவாக்கில் கீறிவிடுங்கள். கீழே ரேடியேட்டர் உட்காரும் ரப்பர் புஷ்கள் பழையதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தூக்கிப் போடும்முன் பார்த்து எடுத்து வையுங்கள்.

இந்த டர்போ காரில் ரேடியேட்டர் மேல் ஒரு மூடி, டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கத்தில் உயரமாக இருக்கும் சின்ன உலோகத் தொட்டியில் இன்னொரு மூடி. டர்போவின் பேரிங் பகுதிக்குள் கூலன்ட் ஓடுகிறது. இன்ஜினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடும், ஆனால் டர்போ இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். அப்போது சூடான கூலன்ட் தானாகவே மேலேறி அந்தத் தொட்டிக்குப் போகிறது. காற்றும் அங்கேதான் சேரும். தொட்டி மூடி 108 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் திறக்கும், ரேடியேட்டர் மூடி 137-இல். குறைந்த அழுத்தத்துக்கான மூடி உயரத்தில் இருப்பதால் அது முதலில் திறந்து காற்றை வெளியே விடும். இரண்டையும் மாற்றி மாட்டினால் காற்று மேலேயே தங்கிவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கூலன்டை அந்த உயரத் தொட்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் மேல் ஓரத்தில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள். ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி குமிழியாக வரும், அது நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் திருகை மூடலாம். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்டாலோ, ஹீட்டரில் குளிர்காற்று வந்தாலோ காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்து பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரிசர்வ் பாட்டிலில் (மிஞ்சும் கூலன்ட் போய்ச் சேரும் பாட்டில்) குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகத்தை ஹெட் கேஸ்கெட் மேல் திருப்புங்கள். பாகங்கள் விற்கும் கடைகளில் நீலத் திரவச் சோதனைக் கருவி கிடைக்கும். இன்ஜினில் எரிந்த புகை வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், அது கொடிய விஷம். மூடியுள்ள கேனில் பிடித்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.