10க்கு 4 வாங்கிய பள்ளி: சிகாகோவில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: சிகாகோ நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் முகவரிக்கான அரசு ஹைஸ்கூலுக்கு, வீடு தேடும் தளங்களில் 10க்கு 4 என்று காட்டுகிறது. உறவினர்கள் புறநகரான நேப்பர்வில் பக்கம் வந்துவிடச் சொல்கிறார்கள். ஏழாம் வகுப்பில் அவள் கிரேடு கொஞ்சம் இறங்கியதால், கிரேடும் தேர்வு மதிப்பெண்ணும் பார்த்துச் சேர்க்கும் செலக்டிவ் என்ரோல்மென்ட் பள்ளி கிடைக்குமா என்பதும் சந்தேகம். என்ன செய்யலாம்?

பதில்: வீடு மாற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்த 4 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அதில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண்ணோ, அங்கே சேரும் பிள்ளைகளின் குடும்ப வசதியைத்தான் பெரும்பாலும் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிகாகோப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்தே ஆண்டில் ஆறு ஆண்டுப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். நாட்டின் நூறு பெரிய பள்ளி மாவட்டங்களில் அதுதான் மிக வேகம். அப்போதும் அவர்களுடைய சராசரி மதிப்பெண் தேசிய அளவுக்குக் கீழேதான் இருந்தது. 10க்கு இத்தனை என்று போடுகிறவர்கள் கண்ணில் இந்த ஓட்டம் சரியாகப் படுவதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? ஒன்பதாம் வகுப்பைப் பாருங்கள். இந்த நகரத்தைப் பொறுத்தவரை இதை அடித்துச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு 1990 முதல் இந்த ஊர்ப் பள்ளிகளையே ஆராய்ந்து வருகிறது. அவர்கள் உருவாக்கிய அளவுகோலின் பெயர் ஃப்ரெஷ்மேன் ஆன் ட்ராக், அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சரியான பாதையில் போகிறாளா என்பது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளை குறைந்தது ஐந்து கிரெடிட் (ஒரு முழு ஆண்டுப் பாடத்துக்கு ஒன்று) எடுத்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃப்புக்கு, அதாவது ஃபெயிலுக்கு, மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். 2005இல் வந்த அறிக்கையின்படி, இப்படி ஆன் ட்ராக்கில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கே ஆண்டில் ஹைஸ்கூலை முடித்துப் பட்டம் பெற்றார்கள். தவறியவர்களில் வெறும் 22 சதவீதம்.

நம் பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டியது அதே அறிக்கையின் இன்னொரு பகுதி. எட்டாம் வகுப்புத் தேர்வில் மேல் கால்பகுதியில் இருந்தும் ஒன்பதாம் வகுப்பில் தவறியவர்களில் 37 சதவீதம்தான் பட்டம் பெற்றார்கள். கீழ்க் கால்பகுதியில் இருந்தும் தவறாமல் தாண்டியவர்களில் 68 சதவீதம். பிள்ளை எவ்வளவு மதிப்பெண்ணோடு உள்ளே வந்தாள் என்பதைவிட, முதல் வருடம் அவளைப் பள்ளி எப்படிப் பிடித்து வைத்துக்கொண்டது என்பது பெரிது. இந்தக் கணக்கை நம்பி சிகாகோ பள்ளி மாவட்டம் வேலை செய்தது. 2007இல் 57 சதவீதமாக இருந்த ஆன் ட்ராக் விகிதம் 2013இல் 82 ஆனது. வாத்தியார்கள் சும்மா பாஸ் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் முதலில் முன்னேறிய பள்ளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பட்டம் பெறும் விகிதமும் கூடவே ஏறியிருந்தது.

அதனால் பள்ளி திறந்திருக்கும் நாளில் நேரில் போங்கள். ஒன்பதாம் வகுப்பு கவுன்சிலரைப் பார்த்து, ஆன் ட்ராக் விகிதம் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், ஒரு பிள்ளைக்கு முதல் எஃப் விழப்போகிறது என்று தெரிந்தால் யார், எத்தனை நாளுக்குள் வீட்டுக்குப் பேசுவார்கள் என்பது. நல்ல பள்ளியில் இதற்குத் தயங்காமல் பதில் வரும். கல்லூரி அளவிலான ஏபி பாடங்கள் எத்தனை என்பதோடு விட்டுவிடாமல், அந்தத் தேர்வுகளை எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் விசாரியுங்கள். கல்லூரியில் சேர்ந்தவர்களில் இரண்டாம் ஆண்டும் தொடர்கிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கும்.

பள்ளிகளைப் பற்றி மாநில அரசு வெளியிடும் ரிப்போர்ட் கார்டைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. இல்லினாயில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு 2024 வரை எஸ்ஏடி, 2025 முதல் ஏசிடி; இரண்டுமே கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுகள். தேர்ச்சிக்கான எல்லைக்கோட்டையும் அப்போது மாற்றினார்கள். முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்டாதீர்கள்.

செலக்டிவ் பள்ளிக்கு விண்ணப்பியுங்கள், தவறில்லை. கிடைக்கவில்லை என்றால் உடைந்துபோக வேண்டாம். கட் ஆஃபுக்குச் சற்று மேலே இருந்து இடம் பெற்றவர்களையும், சற்றுக் கீழே இருந்து தவறவிட்டவர்களையும் அதே கூட்டமைப்பு ஒப்பிட்டது. உள்ளே போனவர்களுக்குத் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. பள்ளிச் சூழல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவர்கள் அதிகமாகச் சொன்னார்கள். வசதி குறைந்த பகுதிகளிலிருந்து போனவர்களுக்கு ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, குறையவும் செய்தது. இந்த ஜிபிஏவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகாகோ மாணவர்களை வைத்து 2020இல் வந்த ஆய்வில், கல்லூரிப் படிப்பை முடிப்பதோடு ஜிபிஏவுக்கு இருந்த தொடர்பு ஏசிடி மதிப்பெண்ணுக்கு இருந்ததைப் போல ஐந்து மடங்கு.

அப்புறம், உங்கள் முகவரிப் பள்ளிக்கும் செலக்டிவ் பள்ளிக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. லிங்கன் பார்க், சென், அமுண்ட்சன் போன்ற சாதாரண ஹைஸ்கூல்களில் ஐபி டிப்ளமா என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடக்கிறது. அதில் படித்தவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு, அவர்களை ஒத்த மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்று 2012 ஆய்வு சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. விண்ணப்பம் எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே சிகாகோ அரசுப் பள்ளிகளின் கோசிபிஎஸ் தளத்தில் போட வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

கவுன்சிலர் மழுப்பினால், ஆன் ட்ராக் விகிதமும் மோசமாக இருந்தால், வழியில் மகளுக்குப் பாதுகாப்பும் இல்லை என்றால், அப்போது நேப்பர்வில் பற்றி யோசியுங்கள். 4 என்ற எண்ணுக்காக மட்டும் வேண்டாம்.

எங்கே சேர்த்தாலும் டிசம்பர் டிக்கெட் போடும்போது பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிற நம் குடும்பங்கள் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு செமஸ்டரில் ஒரு வாரத்துக்கும் குறைவாக விடுப்பெடுத்தவர்களில் 87 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். ஒரு வாரம் விடுப்பெடுத்தவர்களில் அது 63. ஊருக்குப் போவது காரணமாக இருந்தாலும், அந்த வாரத்தில் நடந்த பாடம் போனது போனதுதான். அந்த ஒரு வருடம் மட்டும் கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போய் வாருங்கள்.